இரவல் குடுத்த கதிரை

கோடையில் எங்கட ஃபுட்டி (ஆஸ்திரேலியக் கால்பந்து) கிளப் பயிற்சியைத் தொடங்கினால், நானும் நோபல் பார்க் பக்கம் இருக்கிற நண்பரும் மைதான வேலியோரம் மடிப்புக் கதிரை போட்டு இருந்துவிடுவோம். எவன் நொண்டுகிறான், எவனுக்கு மூச்சு வாங்குகிறது என்று கணிப்பதுதான் எங்கட வேலை.

இந்த வருசம் அவர், "முழங்கால் நோகுது, நீர் போயிட்டு வாரும்" என்றார். நம்பி, தனியே வெயிலில் காய்ந்தேன்.

நேற்று எங்கட பரம எதிரி கிளப் தன் பயிற்சியை வீடியோவாகப் போட்டிருந்தது. வேலியோரம் இந்த மனுசன், அவங்கட தொப்பியோடு கைதட்டிக்கொண்டிருக்கிறார்!

கட்சி மாறினால் மாறட்டும். ஆனால் அவர் இருந்தது நான் இரவல் குடுத்த கதிரையில். அதன் உடைந்த காலில் நான் சுற்றிய நீல டேப் அப்படியே தெரிந்தது. கதிரை முதுகிலிருந்த எங்கட கிளப் சின்னத்தை மட்டும் துவாய் போட்டு மூடியிருந்தார்.