அப்பாவுக்காகக் காய்ந்த மண் கேட்டேன்

என் அப்பா உயிர் பிரிந்த காலையில், அவருக்குக் குழி வெட்ட எங்கள் காலனியில் காய்ந்த இடம் என்று ஒன்று இல்லை.

போன வருட நவம்பர் கடைசி. சேரப்பணஞ்சேரிக்கு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் காலனி. விடாத மழையில் ஏரி நிரம்பி வயலும் ரோடும் ஒரே தண்ணீராகிவிட்டது. கரண்ட் இல்லை. செல்லில் சார்ஜ் இல்லை. நெஞ்சுச் சளியில் ஏற்கெனவே இளைத்திருந்த அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வழியில்லை. "இவரை எனக்குத் திருப்பிக் கொடும் ஆண்டவரே" என்று அவர் கையைப் பிடித்துக்கொண்டு ஜெபித்தேன். கொடுக்கவில்லை. சபையாரே, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் சாட்சி அதற்குப் பிறகு நான் கேட்டதைப் பற்றியது.

அப்பா பெயர் சாமுவேல். கூலி வேலை செய்வார், ஏரியில் மீன் பிடிப்பார். எழுதப் படிக்கத் தெரியாது. என்னை டிப்ளமோ வரை படிக்க வைத்தார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். இன்று ஒரு எலக்ட்ரானிக்ஸ் கம்பெனியில் லைன் சூப்பர்வைசர். பெருமையாகத்தான் சொல்கிறேன். அவரும் அப்படித்தான். லீவு நாளில் என் ஐடி கார்டைத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டு டீக்கடைக்குப் போய்வருவார்.

எங்கள் கல்லறை ஏரி ஓரம். ஊர்க்காரர்களின் மயானம் மேட்டில் இருக்கிறது. காலனிக்கு ஒதுக்கியது பள்ளம். மழைக்காலத்தில் சிலுவைகளின் தலை மட்டும் தெரியும். அன்று அதுவும் தெரியவில்லை.

ஒரகடம் ரோட்டை எட்டிவிட்டால் ஆம்புலன்ஸ் கிடைக்கும், படப்பையில் உள்ள சபைக் கல்லறையில் அடக்கம் செய்யலாம் என்று முடிவு செய்தோம். மீன் குத்தகைக்காரரின் ஒடுக்கமான ஃபைபர் படகு ஒன்று கட்டிக் கிடந்தது. அப்பாவைப் படுக்கவைத்தால் இன்னும் இரண்டு பேர்தான் உட்காரலாம். காலனியின் மற்ற ஆண்கள் எல்லோரும் ஏரிக்கரை உடையாமல் மணல்மூட்டை அடுக்கப் போயிருந்தார்கள். என் கணவர் அருள் துடுப்பை எடுத்தார். இன்னொன்றை நான் எடுத்தேன்.

சித்தப்பா காலில் கட்டோடு வாசலில் உட்கார்ந்திருந்தார். "நீ குந்துமா. பொம்பள பொணத்தோட காட்டுக்குப் போறது இன்னா புது வழக்கமா கீது?" என்றார்.

"அப்போ நீ வந்து துடுப்பு போடு சித்தப்பா."

கட்டுப் போட்ட காலைப் பார்த்துக்கொண்டார். "வாய் மட்டும் அப்படியே உங்கப்பன்" என்று சொல்லிவிட்டு அழுதார்.

பெட்டி கிடைக்கவில்லை. பாயில் சுற்றி, நீலத் தார்ப்பாய் போட்டுக் கட்டினோம். அம்மா இடுப்பளவு தண்ணீரில் நின்று தார்ப்பாயைத் தடவிக்கொண்டே இருந்தாள். "பெட்டி இல்லாம போறியேய்யா" என்றாள். படகு நகர்ந்த பிறகும் அவள் கை நீட்டியபடியே இருந்தது.

அருளுக்குக் கோவில்பட்டிப் பக்கம். வானம் பார்த்த பூமி. நீச்சல் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் வழி தெரியும் என்று நினைத்தேன். கம்பெனி பஸ்ஸில் எத்தனையோ வருடமாகப் போய்வரும் வழி. ரோடு மூழ்கினாலும் ஓரத்துக் கரண்ட் கம்பங்கள் தெரிந்தன. கம்பங்களைப் பார்த்துக்கொண்டே போகலாம் என்றேன்.

"பஸ்ஸு போற பாதைலதான் தண்ணியும் போகுமா புள்ள?" என்று கேட்டார் அவர்.

"எனக்கு ஒவ்வொரு திருப்பமும் தெரியும்" என்றேன்.

எங்களைப் போல ஷிப்டுக்குப் போய்வருகிறவர்களுக்கு இந்த மண் பஸ் ஜன்னலில்தான் பழக்கம். அப்பாவாக இருந்தால் கரை ஓரமாகச் சுற்றிப் போயிருப்பார். ரோட்டில் ஒரு சின்னப் பாலம் உண்டு. ஏரியின் உபரித் தண்ணீர் அந்த இடத்தில்தான் ரோட்டைக் கடக்கும். பஸ்ஸில் அது ஒரு குலுக்கல், அவ்வளவுதான். படகில் அது வேறு.

மத்தியானம் அங்கே போனோம். படகு சட்டென்று குறுக்கே திரும்பியது. என் துடுப்பு எதிலோ சிக்கிக் கையை விட்டுப் போனது. படகு சாய்ந்தது. தார்ப்பாய் மூட்டை வழுக்கியது. நான் அப்படியே அப்பாவின் மேல் குப்புற விழுந்து இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். சின்ன வயதுக்குப் பிறகு அவரை அப்படிக் கட்டிப் பிடித்தது அப்போதுதான். உடம்பு சில்லென்று இருந்தது.

"அவர விடாத, பிடிச்சுக்கோ!" என்று அருள் கத்தினார். ஒற்றைத் துடுப்பால் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. தண்ணீர் எங்களை ரோட்டை விட்டு வயல்வெளிக்கு இழுத்துக்கொண்டு போனது. கம்பங்கள் தூரத்தில் மறைந்தன. தப்பு என்னுடையது. பெற்ற தகப்பனை அடக்கம் செய்யக்கூட முடியாமல் தண்ணீருக்குக் கொடுத்துவிடுவேனோ என்று பயந்தேன்.

தார்ப்பாயில் முகத்தை வைத்தபடியே ஜெபித்தேன். எனக்கு நல்ல வார்த்தை எதுவும் வரவில்லை. "ஆண்டவரே, உயிரைக் கேட்டேன், நீர் தரவில்லை. சரி. கொஞ்சம் காய்ந்த மண்ணாவது கொடும்." இதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

எவ்வளவு நேரம் என்று தெரியாது. படகின் அடி எதன் மேலோ ஏறி நின்றது. தலையைத் தூக்கினேன். ஒரு மேடு. பம்ப்செட் கொட்டகை. மழைக்கு ஒதுங்கிய ஆடுகள். ஒரு ஆளும் அவர் மனைவியும் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் ஊர்க்காரர் கோதண்டம். அவர் நிலத்தில் எங்கள் காலனி ஆட்கள் கூலிக்கு மட்டும்தான் கால் வைத்திருக்கிறோம். நான் படகை விட்டு இறங்கவில்லை.

"யார்மா அது? துணில இன்னா கீது?"

"எங்கப்பா. சாமுவேல்."

"அட, நம்ம சாமுவா?" அவர் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டார். விஷயத்தைக் கேட்டார். அருள் சொன்னார். ரோடு இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று நான் கேட்டேன்.

"ரோட்ட மற. ஒத்தத் துடுப்பு வச்சிக்கினு எங்க போவ? இங்கயே அடக்கம் பண்ணு."

எனக்குப் புரியவில்லை. "உங்க நிலத்துலயா?"

அவர் மனைவி விஜயா அம்மா முந்திக்கொண்டார். "நல்லா கேட்ட போ! பசங்க ரெண்டு பேரும் நிலத்த ப்ளாட்டு போட வித்துருன்னு தெனம் இவரு உசுர வாங்குறானுங்க. இதக் காப்பாத்துன்னு நான் வேண்டாத அம்மன் இல்ல."

கோதண்டம் மண்வெட்டியை எடுத்தபடியே சொன்னார்: "கல்லற இருக்கற எடத்த எந்த புரோக்கர்மா வாங்குவான்? வரட்டும் பாக்கலாம். உங்கப்பன் எனக்குக் காவலு." சிரித்தார். சிரிக்கும்போதே கண்ணைத் துடைத்தார்.

அவரும் அருளும் மாறி மாறிக் குழி வெட்டினார்கள். மேட்டு மண் உள்ளே காய்ந்து, பொலபொலவென்று வந்தது. போதகர் இல்லை. பெட்டி இல்லை. நான் ஜெபம் செய்தேன். அருளுக்குப் பாட வராது, ஆனாலும் பாடினார். சுருதி எங்கெங்கோ போனது. விஜயா அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். முதல் பிடி மண்ணை நான் போட்டேன்.

அம்மா அதைப் பார்க்கவில்லை. அந்த வருத்தம் எங்கள் வீட்டில் இன்னும் இருக்கிறது. தண்ணீர் வடிந்த பிறகு அவளை அழைத்துப்போனேன். மேட்டில் உட்கார்ந்து, "ஈரம் ஏறலியே?" என்று மட்டும் கேட்டாள். பிறகு சபையார் வந்தீர்கள், போதகர் ஜெபித்தார், சிலுவை வைத்தோம். கோதண்டத்தின் மகன்கள் வந்து சண்டை போட்டார்கள். அவர் அசையவில்லை. நிலம் இன்றும் அவரிடம்தான் இருக்கிறது. கல்லறைத் திருநாளுக்கு நாங்கள் போனபோது விஜயா அம்மா புல்லைச் செதுக்கி வைத்திருந்தார்.

எல்லாம் என் படிப்பால் வந்தது, என் சாமர்த்தியத்தால் வந்தது என்று நினைத்திருந்தவள் நான். இப்போது லைன் ஓடத் தொடங்குவதற்கு முன் ஒரு நிமிடம் கண்ணை மூடுகிறேன். அப்பா இல்லாத துக்கம் குறையவில்லை. சாப்பாட்டு நேரத்தில் அழுகை வந்தால் அழுகிறேன். ஆனால் அவருக்கு இடம் கொடுத்த ஆண்டவருக்கு நன்றி சொல்லாமல் என்னால் இருக்க முடியாது.

உங்களில் யாராவது பெரிய ஜெபம் ஒன்று கேட்கப்படாமல் போனதால், இனிக் கேட்பதே இல்லை என்று வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். தயவுசெய்து மூடாதீர்கள். கோபத்தோடு கேட்டாலும் பரவாயில்லை. அடுத்து எது வேண்டுமோ அதைக் கேளுங்கள். நான் கேட்டேன். மண் கிடைத்தது.