விருந்தாளியிடம் மறுத்துப் பேசுவதில்லை

இந்த நெதர்லாந்தில் ஒருவர் எழுந்து நின்று பேசும்போது மற்றவர்கள் சாப்பிடுகிறார்கள். வந்து இரண்டாவது வருடம் ஓடிக்கொண்டிருக்கிறது, இன்னும் எனக்கு இது பழகவில்லை. புதன்கிழமை மதியம் எங்கள் முதுகலைப் பொறியியல் வகுப்பில் தலைமைப் பண்புப் பயிற்சி நடக்கும். ஒருவர் திரைக்கு முன்னால் நின்று உயிரைக் கொடுத்துப் பேசுவார். எதிரே உட்கார்ந்திருப்பவர்கள் சீஸ் வைத்த ரொட்டியை மென்றுகொண்டே தலையாட்டுவார்கள். கார்னமெல்க் என்று ஒன்றைக் குடிப்பார்கள். வேறொன்றுமில்லை, நம்முடைய மோர்தான், உப்பும் கறிவேப்பிலையும் இல்லாத பாவப்பட்ட மோர். முதல் வாரம் நான் எலுமிச்சை சாத டப்பாவைத் திறக்காமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அன்று பேசிக்கொண்டிருந்த மார்லூஸ் பாதியில் நிறுத்தி, "உடம்பு சரியில்லையா? ஏன் சாப்பிடவில்லை?" என்று கேட்டார். "நீங்கள் பேசிக்கொண்டிருக்கிறீர்களே" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. "அவ்வளவு சுவாரஸ்யமாகவா இருக்கிறது? நன்றி!" என்றார். நான் மரியாதைக்காகச் சொன்னதை அவர் பாராட்டாக எடுத்துக்கொண்டார். அன்று பசியோடு சைக்கிள் மிதித்து அறைக்கு வந்தேன்.

மார்லூஸ் எங்கள் பேராசிரியர் இல்லை. துறைமுகங்கள் கட்டித் தரும் ஒரு பெரிய நிறுவனத்தில் மூத்த பொறியாளர். நான் படிப்பது துறைமுகப் பொறியியல். இந்தப் படிப்பில் ஒவ்வொரு மாணவருக்கும் தொழில்துறையிலிருந்து ஒரு மென்டாரை ஒதுக்குவார்கள். அவரோடு பழகி, அவர் வழியாக நாலு பேரைத் தெரிந்துகொண்டு, கடைசியில் ஒரு வேலையோடு வெளியே போகவேண்டும். எனக்கு அமைந்தவர் மார்லூஸ். நல்ல மனுஷி என்று அப்போது எல்லோரிடமும் சொல்லித் திரிந்தேன். நான் மழையில் நனைந்து வந்ததைப் பார்த்துத் தன் மகளுடைய மழைக்கோட்டைக் கொண்டுவந்து கொடுத்தவர். என் பெயர் கலைவாணி என்பதைச் சுருக்காமல் முழுசாகச் சொல்லப் பழகிக்கொண்டவர். அந்நிய ஊரில் நம் பெயரை முழுசாகச் சொல்கிறவரை நம்பாமல் வேறு யாரை நம்புவது, சொல்லுங்கள்.

சென்னையில் நான் பி.இ. படித்த கல்லூரியிலும் தொழில்துறைத் தொடர்பு என்று ஒன்று இருந்தது. வருடத்துக்கு ஒருமுறை பேருந்தில் ஏற்றி மணலிப் பக்கம் ஏதாவது ஒரு ஆலைக்குக் கூட்டிப்போவார்கள். தலைக்கவசம் மாட்டி, வாசலில் நிற்கவைத்துப் படம் எடுத்து, ஒரு ஜூஸ் பாக்கெட்டைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். என் தோழிகள் அந்த நாளுக்காகப் புதுத் துணி வாங்குவார்கள். எனக்குச் சிரிப்பாக வரும். காத்திவாக்கத்தை ஒட்டிய மீனவக் குப்பத்தில் பிறந்தவளுக்குத் தொழில்துறையோடு தொடர்பு ஏற்படுத்த யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. காற்று திசை மாறினால் போதும், தொழில்துறை வீட்டுக்குள்ளேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். காயப்போட்ட துணியில் சாம்பல் படியும். ராத்திரி முழுக்கத் தொண்டை அரிக்கும். அம்மா முகத்துவாரத்துச் சேற்றில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து, கையால் துழாவி இறால் பிடிப்பாள். முன்பெல்லாம் கூடை நிறையும், இப்போது அடி மறைந்தாலே பெரிய விஷயம் என்பாள். அந்தப் பக்கத்திலிருந்து ஒருத்தியாவது ஆலைச் சுவருக்கு உள்ளே போய், என்ன நடக்கிறது என்று தெரிந்துகொண்டு வரட்டும் என்றுதான் நைனா என்னைப் படிக்கவைத்தார். நைனா என்றால் என் அப்பா.

ஒரு புதன்கிழமை, உங்கள் ஊரில் தலைமை எப்படி இயங்குகிறது, ஒரு உதாரணம் சொல்லுங்கள் என்றார்கள். பிரேசில் பையன் கால்பந்து அணியின் கேப்டனைப் பற்றிச் சொன்னான். சீனத்துப் பெண் தன் மாமாவின் தொழிற்சாலையைப் பற்றிச் சொன்னாள். நான் எங்கள் ஊர்க்கூட்டத்தைப் பற்றிச் சொன்னேன். வெளியாள் ஏதாவது கேட்டு வந்தால் எங்கள் குப்பத்தில் இரண்டு கூட்டம் நடக்கும். முதல் கூட்டம் கேட்பதற்கு. வந்தவரை நாற்காலியில் உட்காரவைத்து டீ கொடுத்து, அவர் பேசுவதை முழுசாகக் கேட்போம். யாரும் எதிர்த்து ஒரு வார்த்தை பேசமாட்டோம். வீடு தேடி வந்தவர் முகத்துக்கு நேரே முடியாது என்று சொல்வது எங்களுக்கு அசிங்கம். பிறகு, கடலுக்குப் போகாத ஒரு நாளில், அவர் இல்லாமல் இரண்டாவது கூட்டம் நடக்கும். அங்கேதான் சண்டை, கூச்சல், முடிவு எல்லாம்.

இது தெரியாமல் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. ஐஸ் கம்பெனி வைக்க இடம் கேட்டு ஒருவர் வந்தார். எல்லோரும் சிரித்த முகமாகத் தலையாட்டியதைப் பார்த்து, மறுவாரமே லாரி நிறைய மணலோடு வந்து இறங்கினார். "அண்ணே, மணல் நல்லாக்குது. ஆனா எடம் இல்லியே" என்று என் அண்ணன் சேகர்தான் அவரிடம் போய்ச் சொன்னான். இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. மார்லூஸ் மட்டும் சிரிக்கவில்லை. ரொட்டியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும், "இந்த வருடம் நான் கற்றுக்கொண்டதில் இதுதான் சிறந்தது" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இங்கே வந்தபிறகு என் ஊரைப் பற்றி நான் சொன்ன எதையும் யாரும் சாப்பாட்டை நிறுத்திக் கேட்டதில்லை.

கொஞ்ச நாளில் அவர் என்னைத் தன் அலுவலகத்துக்கு அழைத்தார். எங்கள் முகத்துவாரத்தில் கப்பல் வந்து அணைந்து சரக்கு இறக்க, ஜெட்டி என்னும் நீண்ட மேடை ஒன்றைக் கட்டுவதற்கு ஒரு நிறுவனம் திட்டம் போட்டிருந்தது. அதற்கு வரைபடம் போடும் வேலை மார்லூஸின் நிறுவனத்துக்கு வந்திருந்தது. "உன் மக்களிடம் முறையாகக் கேட்டுச் செய்ய விரும்புகிறோம். நீ வழி காட்டு. படிப்பு முடிந்ததும் உனக்கு இங்கேயே வேலை" என்றார். எங்கள் பக்கத்தில் எத்தனையோ ஆலைகள் எழும்பியிருக்கின்றன. ஒன்றுக்காவது எங்களைக் கேட்டதாக எனக்கு நினைவில்லை. முதல்தடவையாக ஒருவர் கேட்டுவிட்டுச் செய்கிறேன் என்கிறார், அதுவும் நான் சொன்ன முறையில். அன்றே அண்ணனைக் கூப்பிட்டேன்.

"ஒயுங்கான ஆளுங்களா பாப்பா? பேஜாரு ஒண்ணும் வராதே?" என்றான்.

"வந்து பேசட்டும்ணா. புடிக்கலன்னா ரெண்டாவது கூட்டத்துல இல்லேன்னு சொல்லிக்கலாம். அந்தம்மாவுக்கு நம்ம வயக்கம் தெரியும், நான் சொல்லிக்கீறேன்."

நைனா போனை வாங்கி, "உன் கம்பெனி ஆளுங்கன்னா வரட்டும்மா, இன்னா இப்போ" என்றார். உன் கம்பெனி என்று அவர் சொன்னது எனக்கு இனித்தது. மார்லூஸ் எங்கள் ஊருக்குப் புறப்படும் முன் அவரிடம் மறுபடி தெளிவாகச் சொன்னேன்: அன்று யாரும் எதுவும் சொல்லமாட்டார்கள், அதைச் சம்மதமாக எடுக்காதீர்கள், பதில் இரண்டாவது கூட்டத்தில்தான் வரும். "தெரியும், நீதானே கற்றுக்கொடுத்தாய்" என்று என் தோளைத் தட்டினார்.

வலை பின்னும் கொட்டகையில் கூட்டம் நடந்தது. அண்ணன் வீடியோவில் காட்டினான். பிளாஸ்டிக் நாற்காலியில் மார்லூஸ், கையில் டீ. எதிரே தரையில் என் ஊர் முழுக்க. "வணக்கம்" என்று அவர் தமிழில் சொன்னதும் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள். கூட்டத்தைத் தொடங்கிவைக்க என்னை நாலு வார்த்தை பேசச் சொன்னார்கள். இவர் நல்லவர், இவர் சொல்வதைக் கேளுங்கள் என்று பேசினேன். பிறகு மார்லூஸ் பேசினார், கூட வந்தவர் தமிழில் சொன்னார். எல்லோரும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார்கள்.

அதற்கு அடுத்த வாரம் பல்கலைக்கழகத்தில் தொழில்துறை மாலை என்று ஒரு விழா. நிறுவனத்தார், மாணவர்கள், கையில் கோப்பைகள், சட்டையில் குத்திய பெயர் அட்டைகள். மேடை ஏறிய மார்லூஸ் திரையில் ஒரு படம் போட்டார். எங்கள் கொட்டகை. முன்வரிசையில் நைனா கை கட்டி உட்கார்ந்திருந்தார், பக்கத்தில் அம்மா. "ஊர் மொத்தமும் வந்தது. ஆட்சேபம் உண்டா என்று திரும்பத் திரும்பக் கேட்டோம். ஒரு குரல்கூட எழவில்லை. மக்களின் ஒப்புதலைச் சேர்த்து அனுமதிக்கு விண்ணப்பித்தாகிவிட்டது. இதற்கு வழிகாட்டியவர் எங்கள் கலைவாணி" என்றார். எல்லோரும் என் பக்கம் திரும்பிக் கைதட்டினார்கள். அம்மா திரையில் சிரித்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்து, "இரண்டாவது கூட்டம் இன்னும் நடக்கவே இல்லையே" என்றேன். மைக் இல்லாததால் பின்வரிசைக்குக் கேட்டிருக்காது. மார்லூஸுக்குக் கேட்டது. "அது அவர்களுடைய உள் விவகாரம். வெளியாட்களுக்கு அங்கே இடமில்லை என்று நீதான் சொன்னாய். அதை நாங்கள் மதிக்கிறோம்" என்றார். அதற்கும் கைதட்டினார்கள்.

விழா முடிந்ததும் அவரை வழிமறித்தேன். அவர் தடுமாறுவார், சாக்குச் சொல்வார் என்று நினைத்தேன். அதெல்லாம் இல்லை. இந்த ஊர்க்காரர்கள் எதையும் முகத்துக்கு நேரே சொல்வதைப் பெருமையாக நினைக்கிறவர்கள். "உன்னிடம் நேர்மையாகவே சொல்கிறேன். அங்கே திட்டம் போட்டவர்களுக்கு அவசரம். விதிப்படி ஒரு கூட்டம் வேண்டும், அதில் எதிர்ப்பு இருக்கக்கூடாது. முதல் கூட்டத்தில் எதிர்ப்பு வராது என்று உன்னால்தான் எங்களுக்குத் தெரிந்தது. இதில் பொய் எங்கே இருக்கிறது?" என்றார். நான் சட்டையில் குத்தியிருந்த பெயர் அட்டையைக் கழற்றினேன். அவர் அதைக் களைப்பு என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. "போய்த் தூங்கு. வேலை ஒப்பந்தம் திங்கட்கிழமை வரும். இனி நீ எங்களில் ஒருத்தி" என்று கட்டிப்பிடித்துக் கன்னத்தோடு கன்னம் வைத்து விடைகொடுத்தார்.

இதற்குத் தமிழில் துரோகம் என்று பெயர். வேறு நாசூக்கான சொல் தேடி நான் மெனக்கெடப் போவதில்லை. என்னை ஏமாற்றியிருந்தால்கூட ஆறியிருக்கும். என் ஊரின் நல்ல குணத்தை என் வாயாலேயே சொல்லவைத்து, அதைக் கொண்டே அவர்கள் வாயை அடைத்துவிட்டார்கள். வேலை வேண்டாம் என்று எழுதிவிட்டேன். மழைக்கோட்டை மடித்து அவர் அலுவலக வரவேற்பறையில் வைத்துவிட்டு வந்தேன். துறைத் தலைவரிடம் முறையிட்டேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "தலைமைப் பண்பு இப்படிப்பட்ட சிக்கல்களில்தான் வளரும். இந்த அனுபவத்தை ஒரு கட்டுரையாக எழுதினால் மதிப்பெண் தரலாம்" என்றார். அவருக்கு எழுதவில்லை. உங்களுக்கு எழுதுகிறேன்.

வீட்டுக்குச் சொல்லத்தான் நாக்கு எழவில்லை. கடைசியில் அண்ணனிடம்தான் சொன்னேன்.

"அந்தம்மா சிரிச்சுகினே டீ குட்சுட்டுப் போச்சே பாப்பா" என்றான். பிறகு, "நாம எப்டி இல்லேன்னு சொல்லுவோம்ன்றத நீ ஏன் அவங்களுக்குச் சொன்ன?" என்றான். கோபமாகக்கூடக் கேட்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டாவது கூட்டம் என்று முடிவானது. நடந்ததையெல்லாம் என் வாயால் ஊர் முன்னால் சொல்லவேண்டும், அந்த விண்ணப்பத்தை எதிர்த்து எங்கே, எப்படி மனு போடுவது என்றும் சொல்லவேண்டும் என்று நினைத்தேன். எனக்கு இங்கே விடிகாலை. அண்ணனுக்கு முகம் கொடுக்க முடியாமல் நைனாவின் போனுக்கு வீடியோவில் வந்தேன். கொட்டகை நிறைந்திருந்தது. நாற்காலி ஒன்றுகூட இல்லை, எல்லோரும் தரையில். நைனா போனைத் தூக்கிப் பிடித்தார். பேச்சு அப்படியே நின்றுபோனது. சின்ன வயதிலிருந்து நான் மாமா என்று கூப்பிடும் ஊர்த்தலைவர்தான் வாயைத் திறந்தார்.

"சேகரு எல்லாம் சொல்ட்டான்மா. நாளைக்கே கலெக்டர் ஆபீசுக்குப் போறோம். நீ மனசப் போட்டுக் கொயப்பிக்காத."

"மாமா, ரெண்டே நிமிசம். நான் பேசிடறேன்."

"நீதான் அன்னிக்கே பேசிட்டியேம்மா, அவங்களோட சேந்து. இன்னிக்கு நாங்க பேசணும்." குரலில் கடுமையே இல்லை. "வந்தவங்க இருக்கும்போது எங்களுக்குப் பேச வராது, தெரியுமில்ல."

தெரியும். ஒரு வகுப்புக்கே சொல்லிக்கொடுத்தவள்தானே. திரையில் அம்மாவைத் தேடினேன். அவள் தலையைக் குனிந்து புடவைத் தலைப்பை முறுக்கிக்கொண்டிருந்தாள். யாரும் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நான் உள்ளாள் என்றாவது ஆகியிருக்கும்.

நைனா எழுந்தார். போனை அங்கேயே அணைத்துவிடுவார் என்று நினைத்தேன். அவர் அதை மார்போடு பிடித்துக்கொண்டு வெளியே நடந்தார். மாதா கோயில் தெரு, தண்ணீர்த் தொட்டி, கவிழ்த்துப் போட்ட ஃபைபர் படகுகள், எங்கள் வீட்டுக் கதவு எல்லாம் ஆடி ஆடிக் கடந்துபோயின. "நைனா, எங்க போற?" என்றேன். கன்டெய்னர் லாரிகளின் ஹார்ன் சத்தம் கிட்டே வந்ததும்தான் எனக்குப் புரிந்தது. முதல் கூட்டம் முடிந்ததும் விருந்தாளியை நடுவில் விட்டுவிடக்கூடாது, எண்ணூர் ரோடு வரைக்கும் கூட வந்து அனுப்பிவைக்க வேண்டும், அதுவும் எங்கள் ஊர் வழக்கம். ரோட்டோரத்தில் நின்று போனை முகத்துக்கு நேராக உயர்த்தினார். கண் கலங்கியிருந்தது.

"சரிம்மா," என்றார், "பாத்துப் போ."