சட்டிக்குள் பேசிய குரல்

எங்கள் தோட்டத்து லயத்தில் போனுக்குச் சிக்னல் கிடைப்பது ஒரே ஓர் இடத்தில்தான். வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும் ஒற்றை அறைக் காம்பராக்களில் கடைசி என்னுடையது. அதன் முன்பக்கத் திண்ணையான இஸ்தோப்பில், தண்ணீர்ப் பீப்பாய்க்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் குந்தக்கூடிய இடம் இருக்கிறது. அங்கே போனை வைத்தால் படம் ஓடும். ஒரு முழம் தள்ளி வைத்தால் வட்டம்தான் சுற்றும். சத்தம் போதாது என்று அதை ஒரு வெறும் அலுமினியச் சட்டிக்குள் நிறுத்தி வைப்பேன். அப்போது கணீரென்று கேட்கும். கொழும்பில் துணிக்கடையில் வேலை செய்யும் என் மகள்தான் அந்தப் போனை வாங்கி அனுப்பினாள். "தனியா இருக்கீங்கம்மா, எதையாச்சும் பாத்துக்கிட்டு இருங்க" என்றாள். தான் வருவதற்குப் பதிலாகத்தான் போனை அனுப்புகிறாள் என்று எனக்குத் தெரியாதா? கோபம் வந்தது. இருந்தாலும் நான் அதைத் திருப்பி அனுப்பவில்லை.

எங்களுடையது ருவான்வெல்லைப் பக்கத்து றப்பர் தோட்டம். விடியும்போதே மரப்பட்டையைக் கீறிப் பால் எடுக்கிற பால்வெட்டுக்குப் போய், மத்தியானம் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்துவிடலாம். தேயிலைக் கொழுந்து எடுக்கிறவர்கள் கொடுத்து வைத்தவர்கள். ஒரே மலையில் நிரை பிடித்து நின்று ஊர்க்கதை எல்லாம் பேசலாம். பால்வெட்டில் ஆளுக்கொரு துண்டு நிலத்து மரங்கள், ஆளுக்கொரு வாளி, ஆளுக்கொரு அட்டைக்கடி. வீட்டுக்காரர் செத்துப்போய் ஏழெட்டு வருஷமான பிறகு, ஒரு நாளில் நான் வாய் திறந்து பேசுவது பால் நிறுக்கிற ஐயாவிடம் மட்டும்தான். அதுவும் பேச்சு என்று சொல்ல முடியாது, சண்டை. மழை பெய்தால் வெட்டு இல்லை, பால் தண்ணீரோடு வழிந்துவிடும். அன்றைக்குச் சண்டைகூடக் கிடையாது. இந்தப் பக்கத்தில் மழைக்கு என்ன குறைச்சல்?

அதனால் நிறையப் பார்த்தேன். முதலில் நாடகங்கள். எல்லாரும் பட்டுப்புடவை கட்டிக்கொண்டு படுக்கையில் படுத்து அழுதார்கள். ஒரு வருஷம் பொறுத்துப் பார்த்துவிட்டு, போங்கடி என்று விட்டுவிட்டேன். பிறகு சமையல். நான் வாழ்நாளில் வாங்கப்போகாத சாமான்களைப் போட்டு, என்னிடம் இல்லாத பெட்டியில் வேகவைத்துக் காட்டினார்கள். அதையும் வாயில் எச்சில் ஊறப் பார்த்தேன். அப்புறம் ஒரு மழை நாளில், நான் கேட்காமலே, போனில் ஒரு ஆம்பளைக் குரல் வந்தது. முகம் காட்டமாட்டான். இருட்டில் ஒரு பழைய கட்டிடத்தைக் காட்டிவிட்டு, "நண்பர்களே" என்று ஆரம்பிப்பான். என்னை அதற்கு முன் யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை.

அரசாங்கங்கள் ரகசியமாக மனுஷ மூளையில் செய்து பார்த்த வேலைகளைப் பற்றித்தான் அவன் சொல்வான். எங்கோ ஒரு பெரிய நாட்டில், ஆஸ்பத்திரிக்கு வந்தவர்களுக்கும் ஜெயிலில் இருந்தவர்களுக்கும் சொல்லாமல் கொள்ளாமல் மருந்து கொடுத்தார்களாம். குடிக்கிற கிளாசில் கலந்தும் கொடுத்தார்களாம். நாள்கணக்கில் தூங்கவைத்து, காதுக்குள் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் போட்டார்களாம். கடைசியில் கடதாசிகளைக் கொளுத்திவிட்டார்களாம், கொளுத்த மறந்த கட்டு ஒன்று மட்டும் வெளியே வந்ததாம். நான் ஒன்று விடாமல் கேட்டேன். கேட்டுக்கொண்டே சட்டியோடு பேசவும் ஆரம்பித்தேன். "அடப் பாவிகளா", "அப்புறம்?" என்பேன். ஒரு தடவை படத்துக்குக் கீழே நாலு வார்த்தை எழுதிப் போட்டேன். அவன் ஒரு இதயப் படம் போட்டான். ஒரு வாரம் அந்தச் சந்தோஷத்திலேயே பால் வெட்டினேன்.

இப்போது ஒன்றைச் சொல்ல வேண்டும், வெட்கக்கேடுதான். கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்து அந்த ஆட்களை இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருந்தார்களாம். எழுந்தார்களா, சாப்பிட்டார்களா, என்ன முனகினார்கள் என்று எல்லாவற்றையும் எழுதி வைத்தார்களாம். அதைக் கேட்டபோது எனக்குப் பயம் வரவில்லை. நான் சாப்பிட்டேனா என்று எழுதி வைக்க ஒரு ஆள் இருந்தால் எப்படி இருக்கும் என்றுதான் தோன்றியது.

அடுத்த காம்பராவில் இருந்தவள் என்னைவிட இருபது வயது சின்னவள். ஹட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து இங்கே வாழ்க்கைப்பட்டு வந்தவள். புருஷனுக்குக் கொழும்பில் ஒரு சாப்பாட்டுக் கடையில் வேலை, மாதத்துக்கு ஒரு தடவை வருவான். வயிற்றிலேயே ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த பிறகு அவளுக்குத் தூக்கம் போயிற்று. தனியாகப் பேசிக்கொண்டு றப்பர் மரங்களுக்குள் நடந்தாள். டவுன் ஆஸ்பத்திரியில் மனசுக்குப் பார்க்கிற கிளினிக்குக்கு அவளை முதன்முதலாகக் கூட்டிக்கொண்டு போனது நான்தான். அவளுக்குச் சிங்களம் கடையில் உப்புப் புளி வாங்குகிற அளவுக்குத்தான் தெரியும். நான் தோட்டப் பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்பு முடித்துவிட்டு, பஜாரில் சிங்களப் பள்ளிக்கூடத்துக்குப் போனவள். லயத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும், மருந்து உறையில் என்ன எழுதியிருந்தாலும், வாசித்துச் சொல்வது நான். அந்தப் பெருமை எனக்கு உண்டு. டொக்டர் அவளிடம் நீட்டி முழக்கிச் சொன்னதை எல்லாம், "தூக்கத்துக்கும் மனசுக்கும் நல்லதாம், ராத்திரிக்கு ஒரு குளிசை, நிப்பாட்டக் கூடாதாம்" என்று நான் சுருக்கிச் சொன்னேன்.

குளிசை அவளுக்கு ஒத்துக்கொண்டது. வேலைக்குப் போனாள், சிரித்தாள். மழை நாட்களில் சட்டியின் சத்தம் கேட்டு என் இஸ்தோப்புக்கு வர ஆரம்பித்தாள். கையில் ஏதாவது வேலை கொண்டுவருவாள். அவள் பலாக்கொட்டை உரிப்பாள், நான் பிளேன்டீ போடுவேன், அவன் "நண்பர்களே" என்பான். அவளுக்குப் புரியாததை நான் நிறுத்தி விளக்குவேன். கொஞ்ச நாளில் அவனைவிட நான்தான் அதிகம் பேசினேன். அந்த மழைக்காலம் முழுக்க நான் சந்தோஷமாக இருந்தேன்.

ஒரு நாள் அவள் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். "அக்கா, அந்த ஆளுங்களுக்கு என்ன மருந்துன்னு சொல்லாமத்தானே குடுத்தாங்க?"

"ஆமா."

"எனக்கும் என்னன்னு ஒண்ணும் சொல்லலையே. அது நல்ல மருந்துதானா அக்கா?"

நல்ல மருந்துதான் என்று எனக்குத் தெரியும். டொக்டர் அதன் பேரைச் சொல்லி, எதற்கு என்றும் சொல்லித்தான் கொடுத்தார். சுருக்கியது நான். அதை அப்போதே சொல்லியிருக்கலாம். ஆனால் அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் சட்டியைப் பார்ப்பது மாதிரி. அந்தப் பார்வையை விட மனசில்லை. அவனைப் போலவே குரலைத் தாழ்த்தி, "யாருக்குத் தெரியும்? எல்லாம் பெரிய எடத்து வேலை" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அன்று ராத்திரியே அவள் குளிசையைக் கொட்டிவிட்டாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

இரண்டு வாரத்துக்கு மேல் நான் எதையும் கவனிக்கவில்லை. அவள் வந்தாள், கேட்டாள், முன்னைவிட நிறையக் கேள்வி கேட்டாள். கதையில் ருசி கூடிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், மடச்சி. பிறகு வேலைக்குப் போவதை நிறுத்தினாள். பீலியில் விழும் தண்ணீரைக் குடத்தில் பிடித்து, மோந்து பார்த்துவிட்டு, வாசலில் கொட்டினாள். ஒரு நாள் பால் நிறுத்துவிட்டு வரும்போது, என் துண்டு மரங்களுக்குள் அவள் உட்கார்ந்திருந்தாள். உதடெல்லாம் வெடித்திருந்தது. எத்தனை நாளாகத் தண்ணீர் குடிக்கவில்லையோ! என்னிடமிருந்த போத்தலை நீட்டினேன். வாங்கவில்லை.

"நீங்க மொதல்ல குடிச்சிட்டு குடுங்க" என்றாள்.

பாதியைக் குடித்துக் காட்டிவிட்டுக் கொடுத்தேன். மிச்சத்தை மூச்சு வாங்காமல் குடித்தாள். என்ன செய்துவைத்திருக்கிறேன் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வாட்டில் ஒரு வாரம் வைத்து, குளுக்கோஸ் ஏற்றி, பழைய குளிசையையே கொடுத்துத் தெளியவைத்தார்கள். வீட்டுக்கு அனுப்புகிற அன்றைக்குப் புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை, நான்தான் போனேன். முதல் நாள் பார்த்த அதே சின்ன வயது டொக்டர். தன்மையாகத்தான் சிங்களத்தில் கேட்டார். "அம்மே, ஏன் குளிசையை நிறுத்தினார் என்று இவரிடம் கேளுங்கள்."

கேட்டேன். அவள் என்னைப் பார்க்காமல், அவரைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். "இந்த அக்காதான் யாருக்குத் தெரியும்னாங்க. எனக்குப் பயம் வந்திருச்சு. கொட்டிட்டேன்."

தமிழ் தெரியாத டொக்டர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேனாவோடு காத்திருந்தார். வெளியே வரிசையில் நாற்பது பேர் இருந்திருப்பார்கள். இந்த ஆஸ்பத்திரியில் எத்தனை தடவை எத்தனை பேருக்காகப் பேசியிருக்கிறேன், ஒரு தடவை நாக்கு குழறியதில்லை. அன்றைக்கும் குழறவில்லை. "வயிறு எரிகிறதாம் டொக்டர், அதனால்தான் விட்டாராம்" என்றேன்.

அவர் தலையாட்டினார். கிளினிக் கொப்பியில் பழைய குளிசையை வெட்டிவிட்டு வேறொன்றை எழுதினார். வயிற்றுக்கு இது பரவாயில்லை, ஆனால் பழையதைப் போல இவருக்கு ஒத்துவருமா என்று பொறுத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். நான் அதையும் அவளிடம் சொல்லவில்லை. கொப்பியை வாங்கிக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

மருந்து எடுக்கிற வரிசையில் அவள் எனக்கு முன்னால் நின்றாள். வரிசை கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்தது. ஜன்னலுக்கு மூன்று பேர் இருக்கும்போது திரும்பினாள்.

"நா வயிறுன்னு சொல்லலையே அக்கா" என்றாள்.

சிங்களத்தில் வயிற்றுக்கு என்ன சொல் என்று எந்தத் தோட்டத்தில் யாருக்குத் தெரியாது? அதுகூடவா அவளுக்குத் தெரியாது என்று நினைத்தேன்? அவள் குரலில் கோபம் இல்லை. எனக்கு என்ன தரப்போறாங்க என்று கேட்கிற குரல். அந்தப் பெரிய நாட்டு ஆட்களை நான் எத்தனை நாள் வாயாரத் திட்டியிருக்கிறேன்! இதோ, ஒரு பொம்பளையின் மருந்தை அவளுக்கே தெரியாமல் மாற்றவைத்துவிட்டு, என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டு வரிசையில் நிற்கிறேன். எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருந்தது.

அவள் கையைப் பிடித்து வரிசையிலிருந்து இழுத்துக்கொண்டு திரும்பப் போனேன். கதவருகே இருந்தவர்கள் ஏசினார்கள். "நான் பொய் சொன்னேன் டொக்டர்" என்று ஆரம்பித்து, சட்டி முதல் வயிறு வரை எல்லாவற்றையும் சொன்னேன். சொன்ன ஒவ்வொன்றையும் அவளுக்குத் தமிழிலும் சொன்னேன். முதல் நாள் அவர் சொல்லி நான் சுருக்கியதையும் சேர்த்துச் சொன்னேன். என் வாழ்க்கையில் நான் ஒழுங்காக மொழிபெயர்த்தது அன்றைக்கு ஒரு நாள்தான்.

அவர் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். புதிய குளிசையை வெட்டிவிட்டுப் பழையதை எழுதினார். "வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்?" என்று கேட்டார். யாருமில்லை என்றேன். "அப்படியென்றால் இவர் தினமும் விழுங்குவதை நீங்கள்தான் உங்கள் கண்ணால் பார்க்க வேண்டும்" என்றார். இதையும் அவளுக்குச் சொன்னேன். அவள் சரி என்று தலையாட்டினாள்.

அது நடந்து ஒரு வருஷமாகிறது. அவள் நன்றாக இருக்கிறாள், வேலைக்குப் போகிறாள், தூங்குகிறாள். கிளினிக்குக்கு இப்போது பஜாரில் கடை வைத்திருக்கும் ஒருவரின் மனைவியைக் கூட்டிக்கொண்டு போகிறாள். மருந்து உறையையும் அந்த அம்மாதான் வாசித்துச் சொல்கிறது. நான் அந்தக் குரலைக் கேட்பதை விட்டுவிட்டேன் என்று சொன்னால் அது இன்னொரு பொய். கேட்கிறேன். ஆனால் சட்டியில் வைப்பதில்லை, காதில் வைத்துக்கொள்கிறேன்.

விளக்கு வைத்துச் சாப்பிட்டு முடிந்ததும் அவள் என் இஸ்தோப்புக்கு வருகிறாள். தண்ணீரை அவளே டம்ளரில் கொண்டுவருகிறாள். நான் போட்டு வைக்கும் பலகையில் உட்காருவதில்லை. குளிசையை நாக்கில் வைத்துத் தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து காட்டுகிறாள்.

"பாத்தாச்சா?"

"பாத்தாச்சு."

டம்ளரோடு போய்விடுகிறாள். விடிந்ததிலிருந்து நான் காத்திருப்பது இதற்குத்தான். சில நாட்களில் வேண்டுமென்றே உடனே பதில் சொல்வதில்லை. நான் சொல்கிறவரைக்கும் அவள் அங்கே நிற்கத்தானே வேண்டும்.