ஒரு கன்னத்தில் மட்டும் பயத்தமாவு

அய்யம்பாளையத்திலிருந்து வெறுங்காலோடு மலையேறி வந்தவன் நான். படிப்பு மூன்றாம் வகுப்பு. அதிலும் பாதி நாள் மாடு மேய்க்கப் போய்விட்டேன். கொடைக்கானல் பஜாரில் மூட்டை தூக்கினேன். மூட்டை தூக்கிய அதே வரிசையில் சொந்தமாகக் காய்கறி மண்டி போட்டேன். மன்னவனூர் கேரட்டையும் மலைப்பூண்டையும் மதுரை வரைக்கும் அனுப்பி விற்றேன். அட்டுவம்பட்டியில் வெறும் பாறையாகக் கிடந்த இடத்தை வாங்கி, அதை உடைத்து, அந்தக் கல்லிலேயே வீடு கட்டினேன். "அந்தப் பாறையில வீடா?" என்று சிரித்தவர்கள்தான் கிரகப்பிரவேசத்தன்று முதல் பந்தியில் உட்கார்ந்தார்கள்.

இவ்வளவும் செய்தவனிடம் வருகிறவர்கள் கேட்பது ஒன்றே ஒன்றுதான். "இந்த வயசுலயும் மொகம் இப்படி இருக்கே, என்ன சோப்புங்க போடுறீங்க?" சோப்பே போடுவதில்லை. அது ஏன் என்று சொல்கிறேன்.

அறுபதுகளின் தொடக்கம். மண்டி சூடுபிடித்திருந்தது. எனக்குக் கல்யாண வயது. குறை என்று சொல்ல முகம் ஒன்றுதான். நெற்றி, கன்னம் எல்லாம் பரு. அதோடு விட்டதா? வெயில் பட்டாலும் சிவக்கும், பனிக்காற்று பட்டாலும் சிவக்கும், அப்படி ஒரு தோல். எதையும் பலத்தால் சாதித்துப் பழகியவன் நான். பருவையும் அப்படியே எதிர்த்தேன். துணி துவைக்கிற பார் சோப்பைப் போட்டுத் தேங்காய் நாரால் தேய்த்தேன். எலுமிச்சம்பழம் பிழிந்தேன். எரிந்தால் வேலை செய்கிறது என்று சந்தோஷப்பட்டேன். கடைசியில் மண்டியில் குவிந்து கிடந்த பூண்டை நசுக்கிப் பூசினேன். பூண்டு வியாபாரிக்குத்தான் அந்தப் புத்தி வரும். சளிக்கு நல்லது, வாயுவுக்கு நல்லது என்று வாய் ஓயாமல் சொல்லி விற்றவன் நான்தானே, பருவுக்கு மட்டும் கேட்காதா என்று நினைத்துவிட்டேன். கன்னம் நெருப்புப் பட்டதுபோல் கொப்பளித்து, தோல் உரிந்து, திட்டுத் திட்டாகச் சிவந்தது.

அந்த முகத்தோடுதான் பழனிக்குப் பெண் பார்க்கப் போனேன். அடிவாரத்தில் அர்ச்சனைச் சாமான் விற்கிற குடும்பம். பெண் காபி கொடுத்துவிட்டு ஒரே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தாள். எனக்கு அதுவே போதுமாக இருந்தது. ஆனால் பெண்ணின் தாய்மாமன் பார்த்த பார்வை சரியில்லை. வெளியே வந்ததும் தரகர் என் காதோரம் சொன்னார்: "மாப்ள, தப்பா எடுத்துக்காதீக. அவுக ஒங்க மொகத்தப் பாத்து பெருநோயோன்னு நெனைக்கிறாக."

தொழுநோயைத்தான் அப்படிச் சொல்வார்கள். குணமாகிற நோய்தான் என்று இன்றைக்கு எல்லாருக்கும் தெரியும். அன்றைக்கு அந்தப் பெயரைச் சொன்னாலே ஆளை ஒதுக்கிவிடுவார்கள். பெண் கைவிட்டுப் போவது ஒரு பக்கம். அந்தப் பேச்சு மலையேறி பஜாருக்கு வந்துவிட்டால், நான் தொட்ட காயை யார் வாங்குவார்கள்? ஆஸ்பத்திரிக்குப் போனேன். "அந்த நோயெல்லாம் இல்லப்பா, போ" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அதை எழுதி நெற்றியில் ஒட்டிக்கொள்ள முடியுமா? தை பிறந்ததும் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீடு பார்க்க வருவதாக இருந்தது. அதற்குள் முகம் ஆறியாக வேண்டும்.

அந்தச் சமயத்தில் சரக்கு எடுக்க மன்னவனூர் போனேன். ஓடையில் கேரட் கழுவிக்கொண்டிருந்தார்கள். இளங்கேரட்டைத் தேய்க்கவே கூடாது. தண்ணீரில் போட்டுக் கையால் அளைந்தால் மண் தானாகக் கரையும். தோல் கீறினால் மதுரை போய்ச் சேருவதற்குள் அழுகிவிடும். வேலைக்குப் புதிதாக வந்த ஒருவன் சாக்கை வைத்து அழுத்தித் தேய்த்துக்கொண்டிருந்தான்.

"ஏலே, நிறுத்து! தோலு போச்சுன்னா சரக்கே போச்சு. கரிச்சட்டின்னு நெனச்சியா?" என்று கத்தினேன்.

பக்கத்தில் கழுவிக்கொண்டிருந்த அம்மாளுக்கு வாய் அதிகம். தலையை நிமிர்த்தாமலே சொன்னாள்: "மொதலாளிக்குக் கேரட்டு மேல இருக்குற பாசம் சொந்த மொகத்து மேல இல்லையே! அதை எந்தச் சாக்க வச்சுத் தேச்சீக?"

ஓடையில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். "ஒன் சோலியப் பாரு தாயி" என்று நானும் சிரித்து மழுப்பினேன். ஆனால் பொதிக்குதிரைகளுக்குப் பின்னால் நடந்து வரும்போது அந்தப் பேச்சு என்னை விடவில்லை. அவள் கேலிதான் பண்ணினாள். அதிலிருந்து விஷயத்தை எடுத்தவன் நான். என் தோலும் இளங்கேரட் ஜாதி. அதை எதைப் போட்டுக் கழுவுவது? கைக்குழந்தையின் தோலைவிட இளசான தோல் உண்டா? குழந்தைக்கு ஆகிறது எனக்கும் ஆக வேண்டும். பஜாருக்கு வந்ததும் பக்கத்து மளிகைக்கடை பாயிடம் போனேன். அவர் வீட்டில் அப்போதுதான் குழந்தை பிறந்திருந்தது.

"பாய், பிள்ளைய என்ன போட்டுக் குளிப்பாட்டுறீங்க?"

"ஏன், ஒங்களையும் கால்ல போட்டு ஊத்திவிடணுமா?" என்றார். சிரித்து முடித்த பிறகு சொன்னார்: "வெறும் பயத்தமாவுதான். வேற எதையும் சேக்கவிட மாட்டாக வீட்டுல."

அவர் கடையிலேயே பச்சைப்பயறு வாங்கினேன். உடைத்து, தோலைப் புடைத்துப் போக்கி, திருகையில் அரைத்தேன். சல்லடையில் சலித்தால் மாவிலேயே குருணை தங்கிக் கன்னத்தைக் கீறும் என்று எனக்கே தோன்றியது. மெல்லிசான பழைய மல்வேட்டியில் சலித்தேன். விபூதி மாதிரி விழுந்தது. மஞ்சள் கிடையாது, வாசனை கிடையாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கரைத்துத் தடவி, தேய்க்காமல் அலசி, துண்டால் ஒற்றி எடுத்தேன்.

ஆனால் நான் வியாபாரி. மூட்டைக்குள் கைவிட்டுப் பார்க்காமல் லோடு வாங்குகிற ஆள் இல்லை. அதனால் வலது கன்னத்தில் மட்டும் மாவு; இடது கன்னத்துக்குப் பழைய பார் சோப்பு. மார்கழிப் பனியில் இடது பக்கம் இஞ்சித் தோல் மாதிரி உரிந்தது. வலது பக்கம் நாளுக்கு நாள் அடங்கியது. பாய் கடையிலிருந்தே கூவுவார்: "என்ன மாப்ள, ஒரு பக்கச் செவுத்துக்கு மட்டும் வெள்ளையடிச்சிருக்கு? சுண்ணாம்பு தீந்துபோச்சா?" பஜாரே வேடிக்கை பார்த்தது. பார்க்கட்டும் என்று விட்டேன். மனசுக்குத் திருப்தியான பிறகுதான் இடது கன்னத்துக்கும் மாவைக் கொடுத்தேன். பரு அடியோடு போகவில்லை. ஒன்றிரண்டு எட்டிப் பார்த்துவிட்டுப் போகும். சிவப்பும் எரிச்சலும் போய்விட்டன.

தையில் பெண் வீட்டார் வந்தார்கள். தாய்மாமன் என்னை ஜன்னலோரம் வெளிச்சத்தில் உட்காரச் சொல்லி இந்தப் பக்கம், அந்தப் பக்கம் பார்த்தார். பிறகு, "அடடே, மாப்ள இப்ப நல்லாருக்காகளே!" என்று செல்லம் கொஞ்சுவதுபோல் கன்னத்தைப் பிடித்து நறுக்கென்று கிள்ளினார். அந்த நோய் இருந்தால் தோலில் உணர்ச்சி இருக்காது என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

"யாத்தே!" என்று துள்ளி எழுந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் முட்டியது.

"வலிக்குதுல்ல!" என்று அவர் வாயெல்லாம் பல்லாகத் தன் அக்காவைத் திரும்பிப் பார்த்தார். "அக்கா, பிள்ளைக்கு ஒண்ணும் இல்ல. தட்ட வெரசா மாத்துங்க."

தொட்டால் சிவக்கிற தோல் என்று எத்தனை நாள் நொந்திருக்கிறேன்! அந்தத் தோல்தான் அன்றைக்கு எனக்காகச் சாட்சி சொன்னது.

இன்றுவரை எங்கள் வீட்டில் பெண்கள் உட்பட எல்லார் முகத்துக்கும் அதே மாவுதான். பெருமைக்குத்தான் ஆள் அதிகம். மாமன் கிள்ளியதால்தான் கல்யாணம் நடந்தது என்கிறாள் என் மனைவி. "எங்க வீட்டு மாவு" என்று கடைசிவரை பஜாரில் சொல்லிக்கொண்டிருந்தார் பாய். "என் வாயாலதான் மொதலாளிக்கு மொகம் வந்துச்சு" என்று கல்யாணப் பந்தியிலேயே அறிவித்துவிட்டுப் போனாள் அந்தக் கேரட்டுக்கார அம்மாள். அவரவர் பங்கை நான் மறுக்கவில்லை. ஆனால் கேரட்டையும் குழந்தையையும் என் கன்னத்தையும் சேர்த்து யோசித்தவன் யார்? ஊர் சிரிக்க ஒற்றைக் கன்னத்தோடு பஜாரில் நின்றவன் யார்? வாழ்க்கையில் எல்லாவற்றையும் அழுத்தித் தேய்த்துத்தான் ஜெயித்தேன்; அழுத்தாமல் ஜெயித்தது இந்த ஒன்றுதான் என்று தினமும் மாவைக் கரைக்கும்போது நினைத்துக்கொள்கிறேன். ஆகையால் எங்கள் வீட்டுப் பெண்களுக்கு ஒரு வார்த்தை: உங்கள் முகத்தைப் பார்த்து என்ன போடுகிறீர்கள் என்று யாராவது கேட்டால், இனிமேல் மாவோடு என் பெயரையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், முதலில் சொன்னால் இன்னும் நல்லது.