அத்தை பையில் அரை மூட்டை நெல்

ஒற்றைப் பையோடு ஒரு வருஷம் வடக்கே சுற்றிவரப் போவதாக அத்தை சொன்னபோது பாபநாசத்தில் எங்கள் தெருவே வாயைப் பிளந்தது. அப்பாவின் தங்கை. பார்த்த வேலையை உதறிவிட்டுக் கிளம்பியவர். இரண்டு சுடிதார், ஒரு போர்வை, ஒரு டார்ச் போதும், மற்றதெல்லாம் சுமை என்பார்.

பை வாங்கக் கும்பகோணத்துக்கு என்னையும் கூட்டிப்போனார். நான் அப்போது ஐந்தாம் வகுப்பு. பளபளவென்று தொங்கியதையெல்லாம் ஒதுக்கிவிட்டு ஒரு சாம்பல் நிறப் பையை உள்புறம் வெளியே வரத் திருப்பினார். தோள்வார் சேரும் இடத்தில் தையல் ஒற்றையா இரட்டையா என்று நகத்தால் நெருடினார். ஜிப்பை இழுத்து இழுத்து மூடினார்.

"பை வாங்குறீங்களா, மாடு வாங்குறீங்களாக்கா?" என்றார் கடைக்காரர்.

"மாடு படுத்தா எழுப்பிடலாம் தம்பி. பை பிஞ்சா நடுரோட்டுல நான்ல நிக்கணும்?"

எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பெரியப்பாவுக்கோ அத்தை தனியாகப் போவதில் துளியும் இஷ்டமில்லை. அதை நேராகச் சொல்ல வாய் வராமல் பைமேல் பழியைப் போட்டார். களத்தில் நெல் காய்ந்துகொண்டிருந்த நேரம். "இதுல நெல்லக் கொட்டி டிராக்டர் மேலேருந்து போடுவோம். பிஞ்சா பயணம் கேன்சல்" என்றார். வீட்டில் அவர் பேச்சுக்கு மறுபேச்சு கிடையாது. அத்தையும் சரி என்றுவிட்டார்.

நெல் நிரப்பும் பொறுப்பு அப்பாவுக்கு. பையை எடுத்துக்கொண்டு களத்தின் மறுகோடிக்குப் போனார். பின்னாலேயே நானும் ஓடினேன். தூற்றி ஒதுக்கியிருந்த பதரை அள்ளி அடைத்து, மேலாக மட்டும் இரண்டு கை நெல்லைத் தூவினார். அட, அப்பாவுக்குக் கண் தெரியவில்லையா என்று நினைத்தேன். அதை முக்கி முனகி வேறு தூக்கிவந்தார்!

அத்தை ஒரு கையால் வாங்கினார். முகம் மாறிவிட்டது.

"என்னண்ணே, பதர அடைச்சிருக்கீங்க? வருஷம் பூரா என் முதுகுல தொங்கப்போற பை. நெல்லாவே போடுங்க."

பெரியப்பா அப்பாவை முறைத்தார். அத்தையே பையைக் கவிழ்த்து, அரை மூட்டை நெல்லை அள்ளி நிரப்பினார். அதை டிராக்டர் பெட்டிமேல் ஏற்றச் செய்து, தானே ஏறி உருட்டித் தள்ளினார். தொம்மென்று விழுந்தது. ஒரு தையல் விடவில்லை. பெரியப்பா வாரைப் பிடித்து இழுத்து இழுத்துப் பார்த்தார். பிறகு, "ம்... போயிட்டு வா. போன் அடிச்சா எடுக்கணும், சொல்லிட்டேன்" என்றார்.

நான் அப்பாவைப் பார்த்தேன். தங்கையிடம், அதுவும் அண்ணன் முன்னால், கையும் களவுமாக மாட்டிக்கொண்ட மனிதர். கூனிக் குறுகி நிற்பார் என்று பார்த்தால் முகமெல்லாம் சிரிப்பு. "பாத்தியா உங்க அத்தைய!" என்று என் முதுகில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். தன் குட்டை உடைத்தவரை எதற்காக இப்படிக் கொண்டாடுகிறார் என்று அன்றைக்கு எனக்குச் சுத்தமாகப் புரியவில்லை.