கோச்சிக்கு முன்னால் வந்த சத்தம்

என் மகளுக்கு ஐந்து வயது. அவளிடம் எதையாவது ஏன் என்று கேட்கும்முன், என் குரல் கடுமையாக இருக்குமோ என்று ஒருமுறை யோசித்துக்கொள்கிறேன். அளவுக்கு மீறி யோசிப்பதாகக் கணவர் சொல்கிறார். இருக்கலாம்.

நான் எட்டாம் ஆண்டு படித்தபோது எங்கள் தேயிலைத் தோட்டப் பள்ளிக்கு நான்கு கம்பியூட்டர்கள் வந்தன. படம் வரைந்து, நகரவைத்து, சத்தமும் சேர்க்கும் மென்பொருளைக் கற்றுத்தர யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு டீச்சரும் வந்தார். எதை அழுத்தவேண்டும் என்று அவர் சொல்லவேமாட்டார். நாங்கள் அழுத்தியபின், ஏன் அழுத்தினோம் என்று கேட்பார்.

பெற்றோர் நாளில் ஒரேயொரு படத்தைத்தான் திரையில் காட்டுவார்கள். அப்பா அரைநாள் வேலையை விட்டு வருவதாகச் சொல்லியிருந்தார். அது என் படமாகத்தான் இருக்கவேண்டும் என்று ஆசைப்பட்டேன். மலை வளைவில் கோச்சி, அதாவது ரயில், வருவதைப் படமாகச் செய்தேன். நன்றாகவே செய்தேன், அதில் எனக்கு இன்றும் சந்தேகமில்லை.

டீச்சர் பார்த்தார். "கோச்சி வர முதலே ஏன் பிள்ளை சத்தம் வருது?"

தேயிலை மலையில் வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா ஏன் என்று கேட்டால் யாரும் காரணம் சொல்வதில்லை. "சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டுத் திருத்துவார்கள். நானும் மன்னிப்புக் கேட்டு, சத்தத்தைக் கோச்சியோடு சேர்த்துவைத்தேன்.

"நான் பிழை எண்டு சொல்லேல்லையே. ஏன் மாத்தினனீர்?"

சத்தத்தையே அழித்துவிட்டேன்.

பக்கத்திலிருந்த தோழி காதைக் கடித்தாள். "அடியே, இன்னொருவாட்டி கேட்டாங்கன்னா கோச்சியையும் அழிச்சிருவ போல!"

டீச்சர் நாற்காலியை இழுத்துப்போட்டு என் அருகில் உட்கார்ந்தார். திரையைப் பார்க்கவேயில்லை. "உங்கட வீட்டில இருந்தா கோச்சி வாறது எப்பிடித் தெரியும்?"

"சத்தம் கேக்கும் டீச்சர். நாங்க வாசலுக்கு ஓடிவந்து நின்ன பெறகுதான் வளைவுல தலையக் காட்டும்."

"அப்ப ஏன்..." என்று தொடங்கியவர் அந்த 'ஏன்' என்பதோடு நிறுத்திக்கொண்டார். நான் யாரும் சொல்லாமலே சத்தத்தை முதலிருந்த இடத்தில் வைத்தேன்.

என் படம்தான் தெரிவானது. பெற்றோர் நாளன்று வெள்ளைத் துணியில் வெறும் மலை மட்டும் தெரிய, ஊதல் சத்தம் எழுந்தது. "வட்டகொட ஸ்டேஷனத் தாண்டிருச்சு," என்றார் அப்பா, தன்னை மறந்து, சத்தமாக. அதன்பிறகே கோச்சி வந்தது. எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

முடிந்ததும் டீச்சர் மகிழ்ச்சியோடு அப்பாவிடம் வந்தார். "உங்கட மகள் சத்தத்தை ஏன் முன்னுக்கு வைச்சவ எண்டு தெரியுமோ?"

அப்பா சட்டென்று எழுந்து கைகட்டி நின்றார்.

"மன்னிச்சுக்கங்க டீச்சர். இனிமே அப்படிச் செய்யாம நான் பாத்துக்கிறேன்."

பிள்ளைகளெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன். டீச்சர் மட்டும் சிரிக்கவில்லை. யாழ்ப்பாணத்தவர்களுக்கு எங்கள் வேடிக்கை புரியாது போலிருக்கிறது என்று அப்போது நினைத்துக்கொண்டேன்.