மாதாவுக்குக் கொடுத்த சட்டி

கப்பல் ஏஜெண்டு ஆபீசில் எனக்கு வேலை கிடைத்தபோது, ஊருக்கும் புதுத் துறைமுகத்துக்குமாக அலைய ஒரு பழைய மோட்டார் சைக்கிள் கொடுத்தார்கள். ஹெல்மெட் கொடுக்கவில்லை. தூத்துக்குடியில் ஹெல்மெட் போட்டு வண்டி ஓட்டுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். எனக்கு அது வந்தது ஒரு வெளிநாட்டுக் கப்பலின் இஞ்சினியரிடமிருந்து. பல்வலியில் துடித்த மனிதரை டாக்டரிடம் கூட்டிப்போய், கூடவே உட்கார்ந்திருந்து, திரும்பக் கப்பலில் கொண்டுபோய் விட்டேன். என் வண்டியையும் வெறுந்தலையையும் பார்த்தவர், கேபினுக்குள் போய் அதை எடுத்துவந்து கையில் திணித்துவிட்டார். ஆரஞ்சு நிறம். எங்கள் தெருவில் அதற்குச் சட்டி என்று பெயராகிவிட்டது.

"ஏலே, சட்டிக்குள்ள இன்னைக்கு என்ன கொழம்பு?" என்பார்கள். நண்டுக் குழம்பு என்று சொல்லிவிட்டுப் போவேன்.

உப்பளங்களுக்கு நடுவே போகிற ரோட்டில்தான் விழுந்தேன். லாரியிலிருந்து சிந்திய உப்பு, தூறல் பட்டுக் கரைந்து எண்ணெய் ஊற்றியதுபோலக் கிடந்தது. வண்டி ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் போனோம். என் தலை சிறுபாலத்தின் சுவரில் மோதிய சத்தத்தை நானே கேட்டேன். காறை எலும்பு முறிந்தது. தலையில் ஒரு கீறல் இல்லை.

கையைத் துணியில் தூளிபோலக் கட்டிக்கொண்டு வீட்டில் கிடந்த நாட்களில் ஹெல்மெட்டை எடுத்துப் புரட்டிப் பார்த்தேன். வெளியே இரண்டு விரல் நீளத்துக்குச் சிராய்ப்பு, அவ்வளவுதான். உள்துணியை விலக்கினால் வெள்ளைத் தெர்மாகோலில் மயிரிழைபோல ஒரு விரிசல், இந்தக் காதிலிருந்து அந்தக் காது வரைக்கும். அதற்குப் பக்கத்தில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. அத்தனை நாள் போட்டிருந்தும் அன்றைக்குத்தான் படித்தேன். பலத்த அடி ஒன்று பட்டுவிட்டால், வெளியே சேதம் தெரியாவிட்டாலும், மறுபடி இதை அணியக் கூடாது, அழித்துவிட வேண்டும் என்று இருந்தது. 'அழித்துவிட' என்பதற்கு உரிய ஆங்கிலச் சொல் எனக்குத் தெரிந்ததுதான். இருந்தாலும் அகராதியை எடுத்து ஒரு தடவை பார்த்துக்கொண்டேன். வேறு அர்த்தம் ஏதும் இல்லை.

எனக்கு மனசு வரவில்லை. உயிரைக் காப்பாற்றிய சாமான், ஊரில் யாரிடமும் இல்லாத சாமான். டிரங்குப் பெட்டியின்மேல் வைத்தேன். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். எழுத்து எது வந்தாலும், கார்டோ மருந்துப் பாட்டிலோ, அம்மா என்னிடம்தான் நீட்டுவாள். ஆனால் ஹெல்மெட்டை அவள் நீட்டவில்லை. தானே எடுத்துத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "நீ ஆஸ்பத்திரில கெடக்கும்போது நேந்துக்கிட்டேம்லே. எம்பிள்ள தலையக் காப்பாத்துன சட்டிய மாதாவுக்கே குடுத்துருதேன்னு. குடுக்கட்டா?"

அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும். விரிசலையும் சீட்டையும் அது சொல்வதையும் அம்மாவுக்கு எப்படி விளக்குவது என்று யோசித்தேன். யோசனையிலேயே அலுப்பு வந்துவிட்டது. தெருமுனையில் மாதா இருக்கிற சின்னக் குருசடியில் மெழுகுக் கைகளும் ஊன்றுகோல்களும் தொங்குகின்றன, இதுவும் அங்கே தொங்கிவிட்டுப் போகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். "குடும்மா" என்றேன்.

நேர்ச்சைச் சாமான்களில் உதவக்கூடியதைத் திருவிழா முடிந்ததும் ஏலம் விடுவார்கள் என்பது எனக்குத் தெரியாததல்ல.

திருவிழாவுக்கு மறுநாள் சாயங்காலம், குருசடி முன்னால் மேசை போட்டு, தேங்காய்க் குலையும் சேவலும் வாழைத்தாருமாக ஏலம் நடந்தது. ஏலம் விட்டவர் கோயில் வேலைகளைப் பார்க்கும் கோயில்பிள்ளை. அவர் வாய்க்காகவே கூட்டம் கூடும். கடைசியில் ஹெல்மெட்டைத் தூக்கிப் பிடித்தார்.

"பாத்துக்கிடுங்க. பாலத்தையே இடிச்ச சட்டி. பாலத்துக்குத்தான் வைத்தியம் நடக்கு. உள்ள இருந்த தலை அந்தா நிக்கி."

எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நானும் சிரித்தேன். பெண்கள் பக்கத்தில் முக்காட்டோடு நின்ற அம்மாவின் முகம் அன்றைக்கு மலர்ந்திருந்ததுபோல நான் பார்த்ததில்லை.

ஐஸ் பாக்டரியில் வேலை பார்த்த எங்கள் தெரு அண்ணாச்சி விடாமல் விலையை ஏற்றிக் கேட்டுக்கொண்டே போனார். புதிதாக ஒரு பழைய ஸ்கூட்டர் வாங்கியிருந்தார். மூன்று பெண் பிள்ளைகளையும் அதில் ஏற்றிப் பள்ளிக்கூடத்தில் விடுவார். "மாதா தொட்ட சாமான். விடமாட்டேன்" என்றார். கோயில்பிள்ளை இரண்டு தரம் சொல்லியாயிற்று. அதற்குள் அண்ணாச்சி ஹெல்மெட்டை வாங்கித் தலையில் மாட்டிக்கொள்ள, கடைசிப் பிள்ளை அதன்மேல் விரல் கணுவால் தட்டி, "அப்பா, இருக்கியளா?" என்று கேட்டது.

"அண்ணாச்சி, அத வாங்காதீய," என்றேன். "அது ஒடஞ்சது."

"எங்கன ஒடஞ்சிருக்கு? சும்மா கீறல்தானலே."

"உள்ள ஒடஞ்சிருக்கு. இனிமே போடக் கூடாதுன்னு உள்ளயே எழுதியிருக்கு, இங்கிலீஷ்ல."

கோயில்பிள்ளை கைமணியைக் கீழே வைத்தார். "எழுதியிருக்கத எப்பப் படிச்சே?"

நான் அம்மா நின்ற பக்கம் பார்த்தேன்.

"அப்ப ஒடஞ்சதுன்னு தெரிஞ்சேதான் மாதாவுக்குக் குடுத்தியளாக்கும்."

"நல்ல சட்டி அடுப்புக்கு, ஓட்டச் சட்டி மாதாவுக்கு," என்று பின்னாலிருந்து ஒரு குரல். சிரிப்பு எழுந்தது. அண்ணாச்சி சிரிக்காமல் கழற்றி மேசையில் வைத்தார். அம்மா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். யாரையும் பார்க்காமல் அதை எடுத்து, முந்தானையில் மூடிக்கொண்டு நடந்தாள்.

அண்ணாச்சியைவிட ஒரு ரூபாய் கூடுதலாகக் கேட்டு நானே ஏலத்தில் எடுத்திருக்கலாம். யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது. அண்ணாச்சி தலையும் தப்பியிருக்கும், அம்மா முகமும் அப்படியே இருந்திருக்கும். அது எனக்கு அப்போது தோன்றவில்லை. எனக்குத் தெரிந்ததைச் சொல்ல வேண்டும் என்றுதான் தோன்றியது.

வீட்டுக்கு வந்தபோது அம்மா முற்றத்தில் உட்கார்ந்திருந்தாள். ஹெல்மெட் மடியில் இருந்தது.

"அதுல என்ன எழுதியிருக்கு?"

சொன்னேன். ஒரு தடவை பலமாக அடிபட்டால், பார்க்க நன்றாக இருந்தாலும் அப்புறம் நம்பக் கூடாது என்று.

அம்மா ஆட்டைக் காட்டினாள். ஆட்டைக் கட்டியிருந்த கயிற்றை. "அப்பா கயிறு மாதிரி."

சங்கு குளித்த அப்பாவின் கயிறு அது. ஒருநாள் கடலடியில் அது பாறையில் சிக்கி, மேலே வள்ளத்தில் இருந்தவர்கள் பலங்கொண்ட மட்டும் இழுத்து அவரைக் கரையேற்றினார்கள். ஒரு இழைகூட அறவில்லை. ஆனாலும் அதற்குப்பின் அப்பா அதைக் கடலுக்கு எடுத்துப்போகவே இல்லை. வேறு யாரும் எடுத்துவிடக் கூடாது என்று வீட்டுக்கு வந்த கையோடு துண்டாக வெட்டிப் போட்டார். அவர் இறந்த பிறகும் எங்கள் ஆடுகள் அந்தக் கயிற்றுத் துண்டுகளில்தான் நின்றன. தினமும் அதைத் தாண்டித்தான் ஆபீசுக்குப் போகிறேன்.

"இத அன்னைக்கே சொல்லுததுக்கு என்ன மக்கா?"

"ஒனக்கு வெளங்காதுன்னு நெனச்சேம்மா."

அம்மா அருவாமனையை எடுத்துவரச் சொன்னாள். ஹெல்மெட்டின் தாடை நாடா தடிமனானது, லேசில் அறுபடவில்லை. ஒரு முனையை நான் இழுத்துப் பிடித்துக்கொள்ள, அவள் அறுத்தாள்.

ஐஸ் பாக்டரி அண்ணாச்சி இன்றைக்கும் வெறுந்தலையோடுதான் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிறார். நேரில் பார்த்தால் ஒரு கையைத் தூக்குவார். அடுத்த வருஷத் திருவிழாவுக்கு அம்மா ஒரு தேங்காயைப் பக்கத்து வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டாள், ஏலத்துக்குத் தான் போகவில்லை.

போன மாதம் அம்மாவுக்கு இருமல். ஆஸ்பத்திரியிலிருந்து பாட்டிலோடு வந்தாள். என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்கக் கை நீட்டினேன். "வேண்டாம்யா. கம்பவுண்டர்ட்டயே கேட்டுக்கிட்டேன்," என்று சொல்லிவிட்டு, பாட்டிலை மாடத்தில் வைத்தாள்.